ஆஃப்சைடா இல்லையா? பாஸ் போட்ட காலைப் பாருங்க

தை கடைசில சம்பா அறுப்பு முடிஞ்சா போதும், மன்னார்குடி பக்கம் காய்ஞ்ச வயலெல்லாம் ஃபுட்பால் கிரவுண்டு ஆயிடும், கூடவே சண்டையும். போன வாரம் கோடு பாக்க என்னைய நிறுத்திட்டாங்க, பந்து வந்து சேரும்போது ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்க முன்னாடி ஆடுறவன்) எங்க நிக்கிறான்னு பாத்து ஆஃப்சைடுன்னு, அதாவது எதிர் கோல் பக்கம் ரொம்ப முன்னாடி போய் நின்னு பாஸ் வாங்குற தப்புன்னு, கொடி தூக்கிட்டேன், தப்பு என் மேலதான். கூட ஆடுறவன் பந்தைத் தட்டுற அந்த நொடில எங்க நின்னாங்கிறதுதான் கணக்கு. எதிர் டீம்ல அவங்க கோல் பக்கமா எண்ணி கடைசிலேர்ந்து ரெண்டாவது ஆளுக்கு நேரா நின்னா ஆஃப்சைடு இல்ல, கீப்பரும் ஒரு ஆளுதான். வெளிய போன பந்தைத் திரும்ப உள்ள விடுற த்ரோ, கார்னர், கோல் கிக்ல நேரா வாங்குனா ஆஃப்சைடே கிடையாது.

ஹேண்ட்பால்தான் பெரிய தலைவலி. கையில பட்டாலே வரப்புல நிக்கிற மாமா வரைக்கும் 'ஹேண்டு ஹேண்டு'ன்னு கத்துவாரு. வேணும்னே தொட்டானா, இல்ல கையை அகட்டி வச்சு உடம்பைப் பெருசாக்குனானா, இதைத்தான் ரெஃப்ரி பாப்பாரு. அக்குளுக்கு மேல தோள்ல பட்டா அது கையே இல்ல. ஆனா தெரியாம பட்டாலும் அவன் கையிலேர்ந்தே கோலுக்குள்ள போனா, இல்ல பட்ட உடனே அவனே அடிச்சா, கோல் செல்லாது. அதுவே ஒருத்தன் கையில தெரியாம பட்டு கூட ஆடுறவன் அடிச்சா 2021லேர்ந்து செல்லும், இதை எங்க ஊர்ல இன்னும் எவனும் ஒத்துக்கல.