அழுத்தக் காலுறை: நெடுந்தூர ஓட்டக்காரர் எப்போது அணியலாம், எப்படித் தெரிவு செய்யலாம்

போட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்று நம்பி அழுத்தக் காலுறை வாங்குவதாக இருந்தால், அந்தப் பணத்தை நல்ல சப்பாத்துக்கு வைத்துக்கொள்வதே மேல். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் வரும் கெண்டைக்கால் உளைவுக்காக என்றால் வாங்கிப் பார்க்கலாம்.

கணுக்காலில் கூடுதலாகவும் முழங்காலை நோக்கிப் போகப் போகக் குறைவாகவும் இறுக்கும்படி நெய்யப்படும் இந்தக் காலுறை, கால் நாளங்களில் குருதி தேங்காமல் இருப்பதற்காக நாளப் புடைப்பு உள்ளவர்களுக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்களுக்கும் மருத்துவர்கள் கொடுத்துவந்த பொருள். போலா ரட்கிளிஃப் போன்ற மரதன் வீராங்கனைகள் நீண்ட காலுறையுடன் ஓடியதும் அது ஓட்டக்காரரிடையே பிரபலமாகக் காரணமாயிற்று. ஆனால் ஓடுகிறவரின் கெண்டைத் தசை ஒவ்வோர் அடியிலும் சுருங்கித் தானாகவே குருதியை மேலே தள்ளுவதால், படுத்திருக்கும் நோயாளிக்குக் கிடைக்கும் உதவி அவருக்கு அந்த அளவுக்குத் தேவைப்படுவதில்லை.

தசை அதிர்வு குறைந்தால் களைப்பும் குறையும் என்பது விற்பவர்களின் இன்னொரு வாதம். 2017 இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறுக்கமான ஓட்டக் காற்சட்டையை வைத்து இதைச் சோதித்தபோது அதிர்வு குறைந்தது, களைப்பு குறையவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இத்தகைய உடைகளை விற்கும் நைக்கி நிறுவனமே என்பதால் இந்த முடிவை இன்னும் தைரியமாக நம்பலாம். ஓட்டத்துக்குப் பின் அணிவதைப் பற்றிய செய்தி சற்று நல்லது. 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், மரதன் ஓடி முடித்தவர்களில் ஒரு பகுதியினர் 48 மணிநேரம் அழுத்தக் காலுறையும் ஏனையோர் இறுக்கமற்ற காலுறையும் அணிந்தனர். இரண்டு வாரம் கழித்து ஓடுபொறியில் சோதித்தபோது முதற்பகுதியினர் முன்பைவிட 2.6 சதவீதம் கூடுதலான நேரம் தாக்குப்பிடிக்க, மற்றவர்களின் நேரம் 3.4 சதவீதம் குறைந்திருந்தது.

வாங்கும்போது சப்பாத்து அளவைச் சொல்லி வாங்கக் கூடாது. காலையில், கால் வீங்குமுன், கணுக்காலின் மிக ஒடுங்கிய இடத்தையும் கெண்டையின் மிகப் பருத்த இடத்தையும் தையல் நாடாவால் அளந்து, பெட்டியிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். அழுத்தம் மில்லிமீற்றர் பாதரசத்தில் குறிக்கப்பட்டிருக்கும். 15 முதல் 20 வரையுள்ளது ஓட்டக்காரருக்குப் போதும். அழுத்த அளவே குறிக்கப்படாத மலிவான காலுறை வெறும் நீண்ட மேசுதான்.

அணியும்போது காலுறையைக் குதி வரை உட்புறமாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, சுருக்கமில்லாமல் சிறிது சிறிதாக மேலே ஏற்ற வேண்டும். மேல் விளிம்பை மடித்துவிட்டால் அது கயிறு கட்டியது போல் இறுக்கி, குருதியை ஏறவிடாமல் தடுத்துவிடும். ஓடி முடித்துக் கால் கழுவித் துடைத்த பின் சில மணிநேரம் அணிந்துவிட்டுப் படுக்குமுன் கழற்றிவிடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், கிறவல் வீதியின் செம்புழுதியில், வெயில் ஏறிய பின் இதை அணிந்து ஓடினால் வியர்வையில் ஊறிய துணிக்குள் புழுதி புகுந்து தோலை உரசும். கால் கொப்பளித்தவர் எந்த நேரத்தையும் குறைக்கப்போவதில்லை. கையால் துவைத்து நிழலில் உலர்த்தினால் நெகிழ்நூல் விரைவில் தளராது.

ஆய்வை விட உங்கள் கால் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், இரணைமடுக் குளக்கட்டுப் போன்ற சமதரையில், ஒரே விடியற்காலை நேரத்தில், ஒரே தூரத்தை ஒரு வாரம் காலுறையுடனும் மறுவாரம் அது இல்லாமலும் ஓடி, நேரத்தையும் மறுநாள் உளைவையும் கொப்பியில் குறித்துவர வேண்டும். நேரத்தை இன்னொருவர் பிடிப்பது நல்லது, ஏனென்றால் புதிதாக வாங்கிய பொருள் வேலைசெய்கிறது என்று நம்பவே மனம் விரும்பும். போட்டியன்று முதன்முறையாக அணிவது மட்டும் கூடாது.

நீரிழிவால் பாதம் மரத்தவர்களும் கால் நாடிகளில் குருதியோட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதை அணியக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கெண்டையில் நோகுமானால் அது நாளத்தில் குருதி உறைந்ததாகவும் இருக்கக்கூடும் என்பதால், காலுறையை இழுத்துப் போடாமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.