நோயே இல்லாத ஏழைகள்: ஏற்றத்தாழ்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் முதுகலை மாணவர்கள் எட்டுப் பேர், ஏழைக்கும் வசதியானவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை சர்வே எண்களிலிருந்து வரைந்து திரையில் காட்டினார்கள். அந்த வரைபடங்களில் மூன்று, பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட வரைபடத்தை அப்படியே நினைவுபடுத்தின. அதே தவறு, அதே இடத்தில். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். சாம்பிள் வெயிட் (சர்வேயில் பதில் சொன்ன ஒருவர் எத்தனை பேருக்குச் சமம் என்ற எடை) போட மறப்பது, பூஜ்யத்தையும் பதில் வராததையும் ஒன்றாகக் கலப்பது போன்றவற்றை இங்கே தொடவில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும்.

செலவை வருமானம் என்று எழுதுவது

தேசிய மாதிரி ஆய்வின் வீட்டுச் செலவு சர்வே கேட்பது நுகர்வை: அரிசி எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு. கினி என்பது ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: எல்லோரும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவர் கையில் என்றால் 100. 2022-23க்கு உலக வங்கி இந்தியாவுக்குத் தந்த கினி 25.5 அந்தச் செலவுக் கணக்கிலிருந்து வந்தது. 2025இல் இந்த எண்ணை மற்ற நாடுகளின் வருமானக் கினியோடு ஒரே வரிசையில் நிறுத்தி, உலகில் நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று செய்தி போட்டார்கள். வருமானத்தைக் கணக்கிடும் உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தில் 2023க்கான எண் ஏறக்குறைய 62.

மாதம் ஐந்து லட்சம் வருகிறவர் ஐந்து லட்சத்தையும் தின்று தீர்ப்பதில்லை. மிச்சம் நிலமாகவும் ஷேராகவும் போய்ச் சேர்கிறது. கூலிக்குப் போகிறவர் கையில் வந்தது முழுக்கச் செலவாகி, மேலே கடனும் வாங்குகிறார். அதனால் செலவில் தெரியும் இடைவெளி வருமான இடைவெளியைவிடக் குறுகலாகத்தான் இருக்கும். இன்னொன்று: 2011-12இல் ஒரே தடவை போய்க் கேட்டார்கள், 2022-23இல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போனார்கள். இரண்டு வருடத்துக் கினியையும் பக்கத்தில் வைத்து “குறைந்துவிட்டது” என்று எழுதும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

சொன்ன நோயை இருக்கும் நோய் என்று எண்ணுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கான்சன்ட்ரேஷன் இன்டெக்ஸ் தெரிந்திருக்கும். எல்லோரையும் பரம ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, நோய் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பார்க்கிறோம். ஏழைகள் பக்கம் குவிந்தால் மைனஸ், வசதியானவர்கள் பக்கம் குவிந்தால் பிளஸ். பதினோரு வருடத்துக்கு முன்னால் என் கையில் இருந்தது ஒரு மாவட்ட சர்வே. கேள்வி: “உங்களுக்கு சுகர் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா?” விடை நல்ல பிளஸ்ஸில் வந்தது. சுகர் வசதியானவர்களின் நோய் என்று அறிக்கையில் எழுதினேன். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. பரிசோதனை முகாம்கள் டவுன் பக்கம் போயின.

அடுத்த வருடம் வேறொரு வேலையாக, கையில் குளுக்கோமீட்டரோடு விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். திண்ணையில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், நடவு வேலைக்குப் போகிறவர். சர்வே எடுக்க வந்த பெண் கேட்டதும் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்: “அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா.” அந்த அம்மாவும் “எனக்கு என்ன கண்ணு நோய், நல்லாத்தான் இருக்கேன்” என்றார். இடது கால் பெருவிரலில் பழைய வேட்டித் துணி சுற்றி, மஞ்சள் ஊறியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டோம். முள் குத்தி இரண்டு மாதம் ஆகிறதாம். விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தோம். மீட்டர் 312 காட்டியது.

படிவத்தில் அவர் சுகர் இல்லாதவர். என் பழைய அறிக்கையில் அவரைப் போல எத்தனை பேரை நோயில்லாதவர்கள் என்று எண்ணியிருப்பேன்! டாக்டர் சொல்ல வேண்டுமானால் முதலில் டாக்டரிடம் போக வேண்டும், போனால் ஒரு நாள் கூலி போச்சு. நான் அளந்தது நோயை அல்ல, யாருக்கு டாக்டர் எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்பதை.

இது தெரியாத விஷயமும் இல்லை. ஆயுளில் முன்னே நிற்கும் கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் மிக அதிகம், பின்தங்கிய பீகாரில் மிகக் குறைவு என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002லேயே எழுதினார். வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், 1944இல், கல்கத்தா அருகே சிங்கூரில் நடந்த ஒரு கணக்கெடுப்பையும் அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். மனைவியை இழந்த ஆண்களில் உடம்பு சரியில்லை, சுமார் என்று சொன்னவர்கள் 48.5 சதவீதம். விதவைகளில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது நம்புவார்களா?

எதிர்த் திசையிலும் இதே குழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, வீட்டு வாசலிலேயே பிபியும் சுகரும் பார்க்க ஆரம்பித்தார்கள். இப்படிப் பார்த்தால் ஏழைகளிடம் “சுகர் இருக்கிறது” என்ற பதில் கூடும். அதை நோய் கூடியதாகப் படித்தால், ஒரு நல்ல வேலை அட்டவணையில் தோல்வியாகத் தெரியும்.

அளந்த எண் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) சுகரையும் பிபியையும் கருவி வைத்தே பார்த்திருக்கிறார்கள், வாய்வழிக் கேள்வியும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். நடுவில் விழும் இடைவெளி, ஏறக்குறைய தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களின் கணக்கு. உண்மையில் எழுத வேண்டிய அறிக்கை அதுதான். பதில் சொன்னது அவரா, அவருக்காக வேறொருவரா என்ற நெடுவரிசையும் டேட்டாவில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

அகில இந்திய ஐந்து பங்கை மாநிலத்துக்குப் போடுவது

குடும்ப நல ஆய்வின் சொத்துக் குறியீட்டில் (வீட்டையும் வீட்டுப் பொருள்களையும் வைத்துப் போடும் மதிப்பெண்) பணக்காரர் முதல் பரம ஏழை வரையான ஐந்து பங்கும் நாடு முழுமைக்குமாக வெட்டியவை. தமிழ்நாட்டில் கடைசிப் பங்கில் ஐந்தில் ஒருவர்கூடத் தேற மாட்டார். மாநிலத்துக்குள் ஏற்றத்தாழ்வைப் பார்க்க, மதிப்பெண்ணை எடுத்து நீங்களே மறுபடி வெட்டுங்கள்.

சிசேரியன் கூடினால் நல்லது என்று கொள்வது

கூடாது. தேவையில்லாமல் செய்த சிசேரியனும் அந்த எண்ணில் கலந்திருக்கும்.

விகிதம் மட்டும் போடுவது

ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு ஏழைகளிடம் 80இலிருந்து 30க்கும், வசதியானவர்களிடம் 40இலிருந்து 10க்கும் இறங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் இரண்டிலிருந்து மூன்றாக ஏறும். வித்தியாசமோ 40இலிருந்து 20ஆக இறங்கும். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்.