தோட்டப் பட்டணத்தில் மளிகைக்கடை தொடங்க: லைசென்ஸ் முதல் 555 புத்தகம் வரை

மலேசியாவில் பகாவ், பிடோர், சுங்கை சிப்புட் பக்கம் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் வந்துவிட்டாலும் தோட்டத்து வாசலில் இருக்கும் சிறு மளிகைக்கடைக்கு இன்னும் வேலை இருக்கிறது. விடிவதற்குள் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பேர் கொடுக்கும் கூட்டத்துக்கு)ப் போகிறவருக்கு ரொட்டி வேண்டும். மோட்டார் இல்லாத பாட்டிக்கு அரைக் கிலோ பருப்பு வேண்டும். பிள்ளைக்குப் பால்மாவு தீர்ந்துபோவது எப்போதும் இரவில்தான். இந்தத் தேவைகளை நம்பித் தாராளமாகக் கடை திறக்கலாம். ஆனால் தோட்டத்தில் பணம் சம்பளத் தேதியை ஒட்டித்தான் நடமாடும். அதைக் கணக்கில் வைக்காமல் தொடங்கும் கடை, சரக்கு நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே பணமில்லாமல் மூடப்படும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை மனத்தில் வைத்தே எழுதியவை.

படி 1: இடமும் நேரமும்

தோட்டத்துக்குள் கடை போட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வெளியே என்றால், தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேரும் முனைதான் நல்ல இடம். வாடகை பேசுவதற்கு முன் ஒரு வேலைநாளில் காலை 5.30 முதல் 7 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் அங்கே நின்று போகிற வருகிற மோட்டார்களை எண்ணுங்கள். காலையில் கூட்டம் இருந்தால் 5.30க்கே திறந்தாக வேண்டும். ஒன்பது மணிக்குத் திறக்கிற கடைக்குத் தோட்டத்தில் பாதி வியாபாரம் கிடையாது.

படி 2: பதிவும் லைசென்சும்

முதலில் எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு. 18 வயது நிறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் செய்யலாம். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே கடை என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைக்குத் தனிப்பெயர் என்றால் 60 வெள்ளி. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே கட்டலாம். புதுப்பிக்க மறந்து அபராதம் கட்டுவதைவிட அது மேல்.

அடுத்தது மாவட்ட மன்றத்தின் வியாபார லைசென்சும் பெயர்ப்பலகை அனுமதியும். பலகையில் மலாய் மொழி முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ் கூடவே வரலாம். அனுமதி கையில் வராமல் பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். எழுத்தின் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் பலகைக் காசு வீண்.

சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், கேஸ் ஆகியவை 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருபவை. உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் என்னென்ன விற்கப் போகிறீர்கள் என்று சொல்லி, தேவையான லைசென்சை எடுத்த பிறகே இவற்றை இறக்குங்கள். எல்லாப் பொருளிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும். நிறுத்து விற்கும் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து முத்திரை வாங்க வேண்டும்.

படி 3: முதல் பணத்தைப் பிரிப்பது

15,000 வெள்ளி இருக்கிறது, கடை வாடகை 600 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சார வைப்புத்தொகையாக ஒரு மாதம், முதல் மாத வாடகை, ஆக 2,400. இரும்பு அடுக்குகளுக்கு 1,500. பழைய படுக்கை ஃப்ரீசருக்கு 1,000. தராசு, கால்குலேட்டர், விளக்கு, பூட்டுக்கு 400. லைசென்ஸ் செலவுகளுக்கு 500. சரக்குக்கு 6,200. மீதி 3,000 வெள்ளியைத் தொடாமல் ரொக்கமாக வையுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த மூவாயிரத்தையும் சரக்காக்கி அடுக்கை நிரப்பிவிடுகிறார்கள். கடை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூன்றாவது வாரம் பருப்பு தீர்ந்தால் மறுபடி வாங்கக் காசு இருக்காது.

முதல் போதவில்லை என்றால் சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் இந்திய வியாபாரிகளுக்கென்றே உள்ளது. இந்தியப் பெண்களுக்குச் சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரில் 'பெண்' திட்டம் இருக்கிறது. வட்டிக்காரரிடம் வாங்கிக் கடை திறக்காதீர்கள். மளிகை லாபம் அந்த வட்டியைத் தாங்காது.

படி 4: என்ன சரக்கு, எவ்வளவு

முதல் சரக்கில் பாதிப் பணம் தினமும் ஓடும் சாமானுக்குப் போகட்டும்: அரிசி, பருப்பு, உளுந்து, வெங்காயம், முட்டை, நெத்திலி, காய்ந்த மிளகாய், புளி, மசாலைத்தூள், டின் பால், சார்டின், மீ பாக்கெட். பிறகு சோப்பு, சவர்க்காரத்தூள், கொசுவத்தி. வெள்ளிக்கிழமைக்கு முதல் நாளே கற்பூரம், வெற்றிலை, விளக்கெண்ணெய், தேங்காய் இருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் கையுறையும் ரப்பர் பூட்சும் ஓடும். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்தால் ரீலோட் (கைப்பேசிக்குப் பணம் ஏற்றுவது) வையுங்கள். லாபம் சில சென்தான், ஆனாலும் ரீலோட்டுக்கு வருகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார்.

ரொட்டி வேன்காரரிடம் விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முதல் நாளே கேளுங்கள். எடுக்க மாட்டார் என்றால் குறைவாக இறக்குங்கள்.

மூட்டைகளைத் தரையில் போடாதீர்கள். மரப்பலகை அடித்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சுவரோடு ஒட்டினால் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், பின்னால் எலி ஓடுவதும் தெரியாது. பருப்பிலும் மாவிலும் வண்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய மூட்டை அடியில் கிடக்கப் புதியது மேலே விழுவதுதான். பழையது முன்னால், புதியது பின்னால் என்பதை ஒருநாளும் மாற்றாதீர்கள். களைக்கொல்லி கேட்டு ஆள் வருவார்கள். விவசாய மருந்து விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும் அரிசிக்குப் பக்கத்தில் அது இருக்கவே கூடாது.

வேப் வைக்கலாமா என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி (852ஆவது சட்டம்) 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம். சுகாதார அமைச்சில் பதிவாகாத பொருளை விற்கவே முடியாது, அடுக்கில் பார்வைக்கும் வைக்க முடியாது. ஜொகூர், கிளந்தான், திரெங்கானு போன்ற மாநிலங்கள் வேப் விற்பனையையே நிறுத்திவிட்டன. நாளை தடையாகக்கூடிய பொருளில் முதலைப் போட்டால் அது அடுக்கிலேயே செத்துப்போகும். அதைவிட முக்கியம், தோட்டத்துக் கடைக்குப் பாதி நேரம் வருவது பள்ளிப் பிள்ளைகள்.

படி 5: விலை போடுவது

10 வெள்ளிக்கு வாங்கி 12க்கு விற்றால் லாபம் 20 விழுக்காடு என்று நினைக்கிறோம். விற்ற 12 வெள்ளியில் லாபம் 2 வெள்ளி, அதாவது 16.7 விழுக்காடுதான். வாடகையை விற்பனைப் பணத்திலிருந்து கட்டுவதால் இரண்டாவது கணக்குதான் உங்களுக்கு வேண்டும்.

ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2.50 வெள்ளி, சாதாரணச் சீனி கிலோ 2.85. இவை அரசாங்க விலை, ஒரு சென்கூட ஏற்றக் கூடாது. வேறு சாமான் வாங்கினால்தான் எண்ணெய் தருவேன் என்பதும் குற்றம். இவற்றில் லாபம் பார்க்காதீர்கள், இவை ஆளைக் கடைக்குள் கொண்டுவரும் சாமான்கள். லாபம் மசாலைத்தூள், சோப்பு, நொறுக்குத்தீனி, குளிர்பானத்தில் வரும். தீபாவளி சமயத்தில் அமைச்சு சில பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிக்கும். பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் பண்டிகைச் சரக்கு வாங்க வேண்டும்.

எல்லாம் கலந்து விற்பனையில் 12 விழுக்காடு லாபமாக நிற்கிறது என்று வையுங்கள். வாடகை 600, மின்சாரம் 300, பெட்ரோல் 150, மொத்தம் 1,050. இதை மட்டும் ஈடுகட்டவே மாதம் 8,750 வெள்ளிக்கு விற்க வேண்டும். உங்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வேண்டும் என்றால் விற்பனை ஏறக்குறைய 22,900, அதாவது 26 நாள் திறந்தால் நாளுக்கு 880 வெள்ளி. அந்த இடத்தில் இவ்வளவு விற்குமா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

படி 6: 555 புத்தகம்

கடனே இல்லாமல் தோட்டத்தில் கடை நடத்த முடியாது. அந்தக் கடனை எழுதி வைக்கும் சிறு நோட்டுதான் 555 புத்தகம். வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். 20ஆம் தேதிக்கு மேல் பல வீடுகளில் ரொக்கம் இருக்காது. அந்தப் பதினைந்து பதினேழு நாளைக் கடக்கத்தான் கடன், அதற்கு மேல் நீளக் கூடாது.

25 குடும்பத்துக்கு ஆளுக்கு 200 வெள்ளி என்றால் 5,000 வெள்ளி வெளியே நிற்கும். உங்கள் சரக்கே 6,200தான். ஆகவே முதல் ஆறு மாதம் 10 குடும்பம், ஒரு குடும்பத்துக்கு 150 வெள்ளி உச்சம். மொத்தம் 1,500, கையிலுள்ள ரொக்கத்தில் பாதி. 10ஆம் தேதிக்குள் பழைய கணக்கை முடித்தவருக்கே புதிய பக்கம் திறக்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு இரண்டு 555 புத்தகம் போடுங்கள், ஒன்று அவர்கள் கையில், ஒன்று கடையில். தேதி, சாமான், விலை, அதுவரை சேர்ந்த மொத்தம் ஆகிய நான்கையும் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதி, வாங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். 'அப்புறம் எழுதிக்கலாம்' என்று விட்ட இடத்தில்தான் சண்டை வரும். வீட்டில் யார் யார் கடன் எடுக்கலாம் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் எடுத்த ஐஸ்கிரீம் அம்மாவின் கணக்கில் ஏறும்.

உச்சம் தொட்டவரிடம் மற்றவர்கள் முன்னால் பேசாதீர்கள். "அக்கா, 150 ஆயிருச்சு. இன்னைக்கு அரிசியும் முட்டையும் மட்டும் எடுத்துக்குங்க, மத்தது சம்பளத்துக்கு அப்புறம் பார்ப்போம்" என்று புத்தகத்தைக் காட்டித் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும். மானத்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர் கட்டாயம் திரும்பி வருவார்.

கடனுக்கு வட்டி போடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்வது 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி குற்றம். ஏ.டி.எம். அட்டையை, அடையாள அட்டையைப் பிணையாக வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இன்னொருவரின் அடையாள அட்டையை வைத்திருப்பதே குற்றம். ஒரு குடும்பத்தின் முழுச் சம்பளத்தையும் நீங்கள் பிடித்து வைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

படி 7: தினக் கணக்கு

இரவு அடைக்கும்போது மூன்று எண் எழுதுங்கள்: ரொக்கமும் க்யூ.ஆரும் சேர்ந்த விற்பனை, அன்று கொடுத்த கடன், அன்று திரும்பி வந்த கடன். வீட்டுக்கு எடுக்கும் சாமானையும் விலை போட்டு எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெளியே நிற்கும் மொத்தக் கடனைக் கூட்டுங்கள். அது 1,500ஐத் தாண்டியிருந்தால் திங்கட்கிழமை மொத்த வியாபாரியிடம் போடும் ஆர்டரில் அந்த அதிகத் தொகையைக் குறைத்துவிட்டு வாங்குங்கள்.