வெறும் சுவரையும் நல்ல பின்னணியாக்கும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

புகைப்படம் எடுக்கப் புதிதாகக் கற்பவர்களில் பலர், பின்னணி என்றதும் அச்சிட்ட திரைகளையும் விலையுயர்ந்த துணிகளையும் தேடத் தொடங்குகிறார்கள். உண்மையில் ஒரு பின்னணி எதனால் ஆனது என்பதைவிட, அது பொருளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அதன்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்ற இரண்டுமே படத்தில் அதன் தோற்றத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒரு மேசை, பூ அல்லது பீங்கான் குவளை போன்ற அசையாத சிறு பொருள், இரண்டு எல்இடி மேசை விளக்குகள், ஒரு முக்காலி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, கீழே உள்ள வரிசையிலேயே செய்து பாருங்கள்.

முதல் படி: இடைவெளி

மேசையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். பொருளுக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, கேமராவைப் பொருளிலிருந்து அரை மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். 50 மி.மீ. லென்ஸ் என்றால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 2.8-இல் (எண் சிறிதானால் துளை பெரிது) வைத்துப் பொருளின் முன்பகுதியில் ஃபோகஸ் செய்யுங்கள். இந்தத் தொலைவில் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே கூர்மையாக இருக்கும். குவளை முழுவதும் தெளிவாக வேண்டுமானால் எஃப் 5.6-க்குப் போகலாம், இடைவெளி இருப்பதால் சுவர் அப்போதும் மங்கலாகவே தெரியும். கைபேசியில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் மிகச் சிறியது என்பதால், அதில் எடுப்பவர்கள் பொருளை இன்னும் நெருங்க வேண்டும். கைபேசியின் போர்ட்ரெய்ட் முறை பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்குகிறது. கண்ணாடிப் பாத்திரத்தின் விளிம்பிலும் தலைமுடியிலும் அது அடிக்கடி பிசகுவதால், இந்தப் பயிற்சிக்கு அதை அணைத்து வைப்பதே நல்லது.

இரண்டாம் படி: ஒளியைப் பிரித்தல்

இந்தப் படியில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விடப் பயன் தருவது இதுதான். அறை விளக்குகளை அணைத்து, திரைச்சீலைகளை மூடிவிட்டு, ஒரு விளக்கைப் பொருளிலிருந்து அரை மீட்டர் தொலைவில் கேமராவின் பக்கமாக வையுங்கள். சிறிய விளக்கின் ஒளி, தொலைவு இரட்டிப்பானால் கால் பங்காகக் குறையும். உங்கள் சுவர் விளக்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் தள்ளி, அதாவது பொருளைவிட நான்கு மடங்கு தொலைவில் இருப்பதால், அதற்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு ஒளி, அதாவது நான்கு ஸ்டாப் குறைவு (ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப்). பொருளுக்கு ஏற்றபடி எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் ஒளியின் அளவை, அமைத்தால் வெள்ளைச் சுவரும் கருஞ்சாம்பல் நிறமாகப் பதிவாகும். விளக்கைப் பொருளுக்கு இன்னும் அருகில் கொண்டுவந்து, கூடும் வெளிச்சத்துக்கேற்ப எக்ஸ்போஷரைக் குறைத்தால், அதே சுவர் மேலும் இருளும்.

சுவர் இருண்ட பிறகு அதற்கு என்ன நிறம் வேண்டும் என்பது உங்கள் விருப்பம். இரண்டாவது விளக்கின் முன், சற்று இடைவெளி விட்டு, நீல அல்லது செம்மஞ்சள் செலோஃபேன் தாளைப் பிடித்துச் சுவரை நோக்கித் திருப்புங்கள். முதல் விளக்கின் வெள்ளொளி சுவரில் பட்டால் அந்த நிறம் வெளிறிவிடும் என்பதால், அதன் பக்கவாட்டில் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி மறையுங்கள்.

மூன்றாம் படி: அலுமினியத் தாள்

சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கி, கிழியாமல் மெல்லப் பிரித்து, மடிப்புகளைத் தேய்த்துச் சமமாக்கிவிடாமல் ஓர் அட்டையில் ஒட்டுங்கள். அதைப் பொருளுக்கு ஒரு மீட்டர் பின்னால் நிறுத்தி, இரண்டாவது விளக்கைச் செலோஃபேன் தாள் இல்லாமல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஒவ்வொரு மடிப்பும் ஒரு குட்டிக் கண்ணாடிபோல் விளக்கைப் பிரதிபலிக்க, ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் அந்தப் புள்ளிகள் வட்ட வட்டமாக விரிகின்றன. பொக்கே என்று சொல்லப்படுவது இந்த மங்கலின் தன்மையைத்தான். எஃப் 2.8-இல் பெரிய வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். எஃப் 8-இல் அவை சுருங்கி, லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் நேரானவையாக இருந்தால் பலகோண வடிவம் பெறும். விளக்கை ஒரு சாண் நகர்த்தினாலே அமைப்பு முழுவதும் மாறிவிடும். ஆகவே நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணினித் திரையையும் இவ்வாறே பின்னால் வைக்கலாம். திரையின் புள்ளிகள் ஃபோகஸில் வந்தால் அலைக்கோடுகள் தோன்றும்; ஷட்டர் வேகம் அதிகமானால், அதாவது ஒளியை உள்ளே விடும் நேரம் மிகக் குறைந்தால், கருந்தடங்கள் விழக்கூடும். அதனால் திரையை நன்றாகத் தள்ளி வைத்து, முக்காலியின் துணையோடு நொடியில் 1/30 பங்கு அல்லது அதைவிட மெதுவான வேகத்தில் எடுங்கள்.

நான்காம் படி: விளிம்புகள்

ஷட்டரை அழுத்துவதற்கு முன் படச்சட்டத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மூலையில் பளிச்சென்று ஒரு வட்டம் நின்றால், கண் பொருளை விட்டுவிட்டு அங்கேதான் போகும். அட்டையைச் சற்றுத் திருப்பினால் அது மறைந்துவிடும். மேசையின் பின்விளிம்பு குவளையின் வாயோடு ஒரே கோட்டில் சேர்ந்து தெரிந்தால், கேமராவைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி இரண்டையும் பிரித்த பிறகு படம் எடுங்கள்.