துருவ ஒளி பார்க்கப் போகிறீர்களா? இரண்டு இரவுக்குக் கணக்குப் போடாதீர்கள்

சிவனொளிபாதமலைக்கு சீசனில் ஏறியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். நல்லதண்ணியிலிருந்து ராத்திரி முழுக்கப் படி ஏறி, கால் கெஞ்சக் கெஞ்ச உச்சியில் போய் உட்கார்ந்தால், சூரியன் வருகிற நேரம் பார்த்து மேகம் வந்து கிழக்கை மூடிவிடும். சூரியன் நேரத்துக்கு உதித்துத்தான் இருக்கும், நமக்குத்தான் கிடைக்காது. வடதுருவப் பக்கத்து இரவு வானில் பச்சையாக ஆடும் வெளிச்சம், துருவ ஒளி, அதுவும் அதே கதைதான். நம்மாட்கள் சூரியப் புயல், கேபி எண் (பூமியின் காந்தப் புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு), செயலி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், மேகத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் பெரியம்மாவின் மகன் இருக்கிறார், டிசம்பர் பள்ளிக்கூட லீவு, ஹட்டனிலிருந்து நான்கு பேர் கிளம்பினோம். அண்ணன் வீட்டில் நான்கு நாள், வடக்கே ட்ரொம்ஸோவில் இரண்டே இரவு. அந்த இரண்டு இரவும் பனி கொட்டியது. தங்கியிருந்த அறையின் ஜன்னலோரம் நின்றுகொண்டு போனைப் பார்க்கிறோம், கேபி 5 என்று காட்டுகிறது. மேகத்துக்கு அந்தப் பக்கம் வானம் பற்றி எரிந்துகொண்டிருந்திருக்கும், எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெருவிளக்கு வெளிச்சத்தில் விழுகிற பனிதான். மறுபடி காசு சேர்த்து ஒரு மார்ச் மாதம் ஐந்து இரவு வைத்துக்கொண்டு போனபோதுதான் பார்த்தேன். இந்த இரண்டு பயணத்துக்கும் நடுவில் நான் திருத்திக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். "நோர்வேயில் சொந்தக்காரர் இருக்கிறார், அவர் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்" என்று நினைக்காதவர் குறைவு. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப் புலத்தில் சிக்கி, காந்த முனையைச் சுற்றி ஒரு வளையம் போன்ற பகுதியில்தான் காற்று மண்டலத்துக்குள் இறங்குகின்றன. ஐரோப்பாவில் அந்த வளையம் பெரும்பாலும் நோர்வே, சுவீடன், பின்லாந்தின் வடக்கு நுனிக்கு மேலே இருக்கிறது. ட்ரொம்ஸோ 69 பாகை வடக்கைத் தாண்டி அதற்கு நேர் கீழே இருக்கிறது, ஒஸ்லோ 60 பாகையில். இரண்டுக்கும் நடுவில் நேர்கோட்டிலேயே 1,100 கிலோமீட்டருக்கு மேல். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளத்தைப் போல இரண்டரை மடங்கு. 2024 மே 10ஆம் திகதி இரவு அவ்வளவு தெற்கே, இந்தியாவின் லடாக்கில் இருக்கும் ஹன்லேயில் கூட சிவப்பு வெளிச்சத்தைப் படம் பிடித்தார்களே என்று கேட்பீர்கள். அது 2003க்குப் பிறகு அந்த அளவில் வந்த முதல் சூரியப் புயல். அப்படி ஒன்று உங்கள் லீவுக்குச் சரியாக வரும் என்று நம்பி டிக்கெட் எடுக்க முடியாது. வடக்கே போக வேண்டும், வேறு வழியில்லை: ட்ரொம்ஸோ, ஆல்டா, சுவீடனில் அபிஸ்கோ, பின்லாந்தில் இனாரி, இந்த வரிசையில் ஏதாவது ஒன்று. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் பலர் ஒரு காலத்தில் நோர்வேயின் வடக்கு விளிம்பில், பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் அவர்கள் பார்த்த வெளிச்சத்துக்குத்தான் இன்று நாம் கடன் வாங்கி டிக்கெட் எடுக்கிறோம்.

அடுத்தது இந்தக் கேபி எண். 0 முதல் 9 வரை போகும், பூமி முழுவதற்கும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண். ட்ரொம்ஸோவில் வானம் திறந்திருந்தால் 1 அல்லது 2 இருந்தாலே போதும். மூடியிருந்தால் 7 வந்தாலும் பிரயோசனமில்லை. மாதக்கணக்கில் முன்னால் கேபி பார்த்துத் தேதி குறிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. சூரியனில் வெடித்துக் கிளம்பும் துகள்மேகம் இங்கே வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள், அது எவ்வளவு வேகத்தில், எந்தக் காந்தத் திசையோடு வருகிறது என்பதை பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் செய்மதிதான் அளந்து சொல்லும். அந்தத் தகவல் நமக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசத்தைத்தான் தரும். பிறகு எப்படி மூன்று மாதத்துக்கு முன்னால் தெரியும்? போன பிறகு நோர்வே வானிலை நிலையத்தின் செயலியில் மணிக்கு மணி மேக மூட்டத்தைப் பாருங்கள், அதுதான் வேலைக்கு ஆகும்.

மேகத்தைப் பற்றி மலையகத்துக்காரருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜூன் மாதத்தில் ஹட்டனில் நாள் முழுக்க மழை, கொழுந்துக்குப் போகிறவர்கள் படங்கைச் சுற்றிக்கொண்டு நனைகிறார்கள். அதே நாளில் நுவரெலியாவைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கினால் சுள்ளென்று வெயில். தென்மேற்குக் காற்று தன் ஈரத்தை எல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிடுவதால் ஊவாவுக்கு வரும்போது வெறும் காற்றாகத்தான் வருகிறது. ட்ரொம்ஸோவிலும் அச்சு அசலாக இதேதான் நடக்கிறது. கடல் காற்று கரையோர மலைகளில் பனியைக் கொட்டித் தீர்க்கும், உள்நாட்டுப் பக்கம் ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கிலும் பின்லாந்து எல்லையிலும் வானம் திறந்து கிடக்கும். வண்டியில் இரண்டு மணி நேரத்துத் தூரம்தான். முதல் பயணத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு இரவில் ஒன்றாவது தப்பியிருக்கும்.

அதனால் ஒரே இடத்தில் உட்கார வைக்கிற சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். படகில் இரவுச் சாப்பாடு, கண்ணாடிக் கூரை அறை எல்லாம் படத்தில் அழகாக இருக்கும், மேகம் வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சிறிய வேனில் ஏற்றிக்கொண்டு மேகம் எங்கே கிழிந்திருக்கிறது என்று தேடி ஓடுகிறவர்களாகப் பாருங்கள். முற்பதிவு செய்யுமுன் கேளுங்கள்: எவ்வளவு தூரம் வரை போவீர்கள், எல்லை தாண்டுவீர்களா, எத்தனை மணி வரை வெளியில் நிற்பீர்கள்? எல்லை தாண்டுவதாகச் சொன்னால் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தானே வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று தம்பிமார் சிலர் கிளம்புகிறார்கள். நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம், கும்மிருட்டு, ரோடு முழுக்கக் கண்ணாடி போல ஐஸ், திடீரென்று கலைமான் குறுக்கே வரும். ரம்பொடை வளைவுகளில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் சரி, வேண்டாம்.

எத்தனை இரவு? ஒரு இரவு வானம் திறக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவும் மூடிக்கொள்ள நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து இரவு என்றால் அது 32இல் ஒன்றாகக் குறைந்துவிடும். மப்பு போட்டால் இரண்டு மூன்று நாள் கலையாமல் நிற்கும் என்பதால் உண்மைக் கணக்கு இவ்வளவு நல்லதாக வராது, ஆனாலும் ஒவ்வொரு இரவும் கூடக் கூட வாய்ப்பு ஏறுகிறது. கொழும்பிலிருந்து டோஹா அல்லது டுபாய், அங்கிருந்து ஒஸ்லோ, பிறகு இரண்டு மணி நேரம் பறந்து ட்ரொம்ஸோ. போகவே ஒன்றரை நாள் கரைந்துவிடும். ஒரு வார லீவில் நான்கு இரவாவது வடக்கில் கிடைக்கிற மாதிரிப் போடுங்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்போது ஒரு நாள் ஒதுக்கினால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒஸ்லோவில் இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் மாறும்போது பெரும்பாலும் பெட்டியை நீங்களே எடுத்து, சுங்கம் கடந்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஒன்றரை மணி நேர இடைவெளியில் தனித்தனி டிக்கெட் எடுத்தீர்களானால் பனியில் ஒரு விமானம் பிந்தினாலே அடுத்தது போய்விடும்.

மாதம்: செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை. மே 20 வாக்கிலிருந்து ஜூலை 20 வாக்கு வரை அங்கே சூரியன் மறையவே மாட்டாது, ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை மறுபக்கம், சூரியன் எழும்பவே மாட்டாது. பகலில் சில மணி நேரம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளோடு போனால் அந்த இருட்டு அவர்களைச் சோர வைத்துவிடும். என் விருப்பம் பெப்ரவரி, மார்ச். கலண்டரில் போயா தினத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், முழு நிலவில் மெல்லிய ஒளி கரைந்துபோகும்.

விசா விஷயத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். நோர்வே உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்கு முந்தியாவது கொடுத்தாக வேண்டும். பெரியவருக்கு 90 யூரோ, மறுத்தால் திரும்பக் கிடைக்காது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத்தில் இதற்கு முந்திய சிக்கல் ஒன்று இருக்கிறது, அது பெயர். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. என்னோடு வந்த ஒருவருக்கு அப்பா பெயரில் ஒரே ஒரு எழுத்து கூடிப்போய், அதைச் சரிக்கட்டக் கடிதம் வாங்கவே மூன்று தடவை அலைந்தார். முதலில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

குளிர் நமக்குப் பழக்கம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது ஆபத்தானது. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி பூக்கும், தேயிலைத் தளிர் கருகும், ஆனால் எட்டு மணிக்கு வெயில் வந்துவிடும். ஸ்கிபோட்ன் பக்கம் சைபருக்குக் கீழே இருபது பாகையில் நான்கு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருக்கும். நுவரெலியா டவுனில் விற்கிற தடித்த ஜாக்கெட் மேலுக்குப் போதும், அதில் குறை சொல்ல மாட்டேன். பிசகுவது உள்ளே. பருத்தி பெனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், அதுதான் குளிரை உள்ளே இழுக்கிறது. தோலோடு ஒட்டிக் கம்பளி நூல் உடை போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாமல் விரல் மரத்துவிடும். ட்ரொம்ஸோ நடைபாதையில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கும், போன முதல் நாளே வாங்குங்கள்.

அப்புறம், பார்த்தும் தெரியாமல் போவது. இரண்டாம் பயணத்தின் நான்காம் இரவு, உறைந்த ஆற்றோரம் வேனை நிறுத்தினார்கள். மலை விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, விடியற்காலை லயத்துக் கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை படுத்திருக்குமே, அந்த மாதிரி. மேகம் என்று முடிவு செய்து நாங்கள் வண்டிக்குள் ஏறிவிட்டோம். ஓட்டுநர் கதவைத் தட்டி, "அதற்குள்ளே நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள்" என்றார். தெரிந்தது. மேகம் நட்சத்திரத்தை மறைக்கும், துருவ ஒளி மறைக்காது. படங்களில் வருகிற பச்சையைக் கமரா பல வினாடி வெளிச்சத்தைச் சேர்த்து எடுக்கிறது, மெல்லிய ஒளியில் நம் கண் நிறத்தைப் பிடிக்காது. கால் மணி நேரம் அந்தப் புகைக்கோடு அப்படியே இருந்தது, பிறகு ஒரு முனையில் திரி பிடித்த மாதிரி பளிச்சென்று பச்சையாகி, தலைக்கு மேலே மடிப்பு மடிப்பாக விரிந்து, அடி விளிம்பில் ரோஜா நிறம் ஓடியது. பத்து நிமிடம் இருக்கும். பக்கத்தில் நின்ற அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எட்டு மணிக்குப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று படுக்கப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான். நள்ளிரவு தாண்டும் வரை இருங்கள், போன் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும். குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும், போனை உள்பையில் உடம்போடு வையுங்கள். திரும்பி அறைக்குள் போகுமுன் கமராவைப் பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும். ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு முந்திய பகலிலேயே பெட்டியைக் கட்டிவிடுங்கள். பெட்டி அடுக்குகிறோம் என்று கடைசி இரவை அறைக்குள் கழித்தவர்களை எனக்குத் தெரியும், அன்றைக்குத்தான் வானம் திறந்தது.