கள உத்தியோகத்தர் வேலைக்கு முதன்முதலாக நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

தொண்டு நிறுவனத்தில் இருந்து கடிதம் வந்துவிட்டதா? நான் வேலை எடுத்த வழியைச் சொல்கிறேன்.

1. பைல். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) இருந்தால் அதுவும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கிராம அலுவலர் நற்சான்றிதழ், மோட்டார் சைக்கிள் லைசென்ஸ். துளை போட்டுக் கோர்க்கிற பைல் வேண்டாம். பிளாஸ்டிக் உறை வைத்த பைலே நல்லது. மூலப்பிரதிகளை லமினேற் பண்ணாதீர்கள், பிறகு அதில் ஒரு முத்திரைகூடக் குத்த முடியாது.

2. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ.” கனபேர் தடக்குப்படுகிற இடம் இதுதான். பெயர், ஊர், பள்ளிக்கூடம், “அப்பா கமம்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அதெல்லாம் விண்ணப்பத்திலேயே கிடக்கிறது. இந்தப் பிள்ளை ஊருக்குள் போய்ச் சனத்தைக் கூட்டுமா, பதிவு ஒழுங்காக எழுதுமா என்றுதான் நேர்முகத் தேர்வு எடுக்கிறவர்கள் பார்க்கிறார்கள். “அனுபவம் இல்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதியது, விளையாட்டுக் கழகத்துக்குக் காசு சேர்த்தது, கமக்கார அமைப்பின் உரப் பட்டியலுக்குப் பெயர் எடுத்தது எல்லாமே அனுபவம். என்ன செய்தீர்கள், எத்தனை பேரோடு, என்ன நடந்தது என்று சொல்லுங்கள். இப்படி:

“எங்கட மாதர் சங்கத்தில ரெண்டு வருசம் பொருளாளரா இருந்தனான். 35 அங்கத்தவர். சுழற்சிக் கடன் கணக்கு நான்தான் எழுதினனான், ஒவ்வொரு மாதக் கூட்டத்திலயும் வாசிச்சுக் காட்டுவன்.”

கண்ணாடிக்கு முன் நின்று பழகுவதைவிட, போனில் குரலைப் பதிந்து கேளுங்கள். எங்கே இழுபடுகிறது என்று உடனே தெரியும்.

3. படிப்பில் இடைவெளி இருந்தால் ஒரே வசனம் போதும்: “2009 இடப்பெயர்வால பரீட்சை பிந்தினது, 2011இல எழுதினனான்.” முகாமில் இருந்ததை மறைக்கவும் வேண்டாம், அந்தக் கதைக்குள் முழுக்க இறங்கவும் வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

4. பயணம். ஒட்டுசுட்டான் பக்கத்தால் மாங்குளம் வந்து ஏ-9 வீதியில் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் எடுக்கிறவர்கள், காலைத் தேர்வென்றால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

பின்சேர்க்கை: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறி இன்னொரு பெயர், என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, பைலில் முதல் உறைக்குள் வையுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள். பிழை பிறப்புச் சான்றிதழில் என்றால், அதை நிரந்தரமாகத் திருத்தப் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும், கடிதம் வரமுன்பே தொடங்குங்கள்.