விண்டோஸ் 11-இல் பழைய ஸ்கேனர்: விர்ச்சுவல்பாக்ஸ் வழி

விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸ், 32-பிட் டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) ஏற்காது. பழைய ஸ்கேனர் சிலவற்றுக்கோ 32-பிட் டிரைவர் மட்டும்தான் உண்டு. அதனால்தான் நன்றாக ஓடும் ஸ்கேனர்கூட மூலையில் முடங்குகிறது. அதை ஓட்ட விர்ச்சுவல்பாக்ஸ் 7 (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) போதும், அதோடு உரிமமுள்ள 32-பிட் விண்டோஸ் 7 எஸ்பி1.

மெய்நிகர் கணினிக்கு 2 ஜிபி ரேம், 32 ஜிபி டிஸ்க் ஒதுக்குங்கள். யுஎஸ்பி அமைப்பில் 2.0 கண்ட்ரோலரையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7-இல் 3.0-க்கான டிரைவர் கூடவே வராது, 3.0 வைத்தால் ஸ்கேனர் கண்ணில் படாது.

அடுத்து ஸ்கேனரைச் செருகி, விர்ச்சுவல்பாக்ஸில் யுஎஸ்பி ஃபில்டர் (எந்தச் சாதனம் மெய்நிகர் கணினிக்குள் போக வேண்டும் என்று சொல்லும் விதி) சேருங்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். சில ஸ்கேனர்கள் ஃபர்ம்வேர் (சாதனத்தின் உள் மென்பொருள்) ஏறியதும் தம்மைத் துண்டித்துக்கொண்டு வேறு புராடக்ட் ஐடியோடு (மாடலைக் குறிக்கும் எண்) திரும்பி வரும். பழைய ஃபில்டர் அதைப் பிடிக்காது. ஃபில்டரில் வெண்டர் ஐடியை (நிறுவனத்தைக் குறிக்கும் எண்) மட்டும் விட்டு, மற்றவற்றை அழித்துவிடுங்கள். (அதே நிறுவனத்தின் கீபோர்டு இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும், கவனம்!) பிறகு கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸை விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓட்டும்போது யுஎஸ்பி பட்டியல் காலியாக இருந்தால், உங்கள் பயனர் கணக்கை விபாக்ஸ்யூசர்ஸ் (vboxusers) குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

டிரைவர் நிறுவியதும் மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அடாப்டரைத் துண்டியுங்கள். விண்டோஸ் 7-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஸ்கேன் கோப்புகளை வெளியே எடுக்க கெஸ்ட் அடிஷன்ஸும் (மெய்நிகர் கணினிக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருள்) ஒரு பகிர்வு ஃபோல்டரும் போதும். கணினிக்குள் பொருத்தும் பிசிஐ கார்டுகளுக்கு இந்த வழி உதவாது.